வழிகாட்டி ராக்கெட்

“வலப்பக்கம் நாலு டிகிரி... போதும். அப்படியே பிடிங்க” என்றார் அய்யாதுரை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விழா தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஏணியில் நின்ற இருவரும் ஃபிளெக்ஸ் பேனரை அப்படியே பிடித்துக் கட்டினார்கள். பேனருக்குள்ளே நின்றவரும் அய்யாதுரைதான்.

சிவகாசியில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் மாரிக்கண்ணன் இந்த சீசனுக்குப் புது ராக்கெட் ஒன்றை இறக்குகிறார். பெயர் ‘வழிகாட்டி’. லேபிளிலும் பேனரிலும், விமானத்துக்கு வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டராக விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற அய்யாதுரையின் படம். சூரியனைப் பார்த்து இடத்தைக் கணக்கிடும் செக்ஸ்டன்ட் கருவி அவர் கையில் இருந்திருக்க வேண்டும். அச்சக ஓவியர் அதைக் கண்டதில்லை. பள்ளிக்கூடப் பாகைமானியை வரைந்துவிட்டார். அவர் பறந்த பழைய சரக்கு விமானமும் படத்தில் போர் விமானமாகியிருந்தது.

கதை ஊருக்கே தெரியும். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், அசாம் வெள்ளத்தில் அரிசி மூட்டைகளைப் போட்டுவிட்டுத் திரும்பிய விமானம் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டது. ரேடியோ ஊமையாகிவிட்டது. அய்யாதுரை மேக இடைவெளியில் ஒரே ஒரு நிமிடம் சூரியனைப் பிடித்தார். பென்சிலையும் ஸ்டாப் வாட்சையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஓடுபாதையின் முனையில் கொண்டுவந்து சேர்த்தார்.

அவர் மனைவி ஆவுடைத்தாய் இதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. இருக்கன்குடி போகும் பஸ்ஸில்கூடச் சொல்லியிருக்கிறாள். இன்று பட்டுச்சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மாரிக்கண்ணன் வேகமாக வந்தார். “சார், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ். அன்னைக்கு பிளேன் ஓட்டுன ராஜபாண்டியன் சாரைக் கண்டுபிடிச்சுட்டோம். வந்துக்கிட்டிருக்காக. சாத்தூர் தாண்டியாச்சாம்.”

அய்யாதுரை மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அவர எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுத் தூரம் அலைக்கழிச்சுக்கிட்டு...”

“என்ன சார் இப்பிடிச் சொல்லிட்டீக! அவுக வாயால சொன்னாத்தான கதைக்கு மதிப்பு?”

அதுதான் பயம். நடந்தது ராஜபாண்டியன் ஒருவருக்குத்தான் தெரியும்.

அன்று அய்யாதுரை சூரியனைப் பார்க்கவே இல்லை. மூன்று நாள் தூக்கமில்லாத வெள்ள வேலை. மேகத்துக்குள் நுழைந்ததும் வரைபடத்தின் மேல் கன்னத்தை வைத்தவர்தான். துணை பைலட் காய்ச்சலோடு பின்னால் படுத்திருந்தார். விமானம், தானாகவே ஓட்டும் ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருந்தது. சக்கரம் தரையில் உரசியபோதுதான் அய்யாதுரைக்கு விழிப்பு வந்தது.

இறங்கியதும் ராஜபாண்டியன் இவர் முதுகில் ஓங்கித் தட்டினார். “அருமையாக் கொண்டாந்து சேத்துட்டலே!”

அந்தக் குழுவில் யாரும் யாரையும் நேராகப் பாராட்டியதில்லை. எலும்பு நொறுங்க இறக்கினால், “பூ மாதிரி இறக்குனீக கேப்டன்” என்பார்கள். வழி தப்பினால், “ஊரச் சுத்திக் காட்டுனதுக்கு நன்றி” என்பார்கள். இதுவும் அந்த வகைக் குத்தல்தான் என்று அய்யாதுரைக்குப் புரிந்தது.

பக்கத்தில் நின்ற அதிகாரிக்குப் புரியவில்லை. அவர் பாராட்டுக் கடிதமே எழுதிவிட்டார். சூரியக் கணக்கெல்லாம் பின்னால் அய்யாதுரையே சேர்த்துக்கொண்டது. அது இப்போது அய்யாதுரை வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போன அய்யாதுரை, அதன்பின் ராஜபாண்டியன் முகத்தில் விழிக்கவே இல்லை.

கார் வந்து நின்றது. நரைத்த மீசையோடு இறங்கிய ராஜபாண்டியன் பேனரை அண்ணாந்து பார்த்தார்.

“ஏலே அய்யாதுரை! என்னலே பாகைமானியோட நிக்க? எந்தப் பள்ளிக்கூடத்துலலே கணக்கு வாத்தியாரு?”

அய்யாதுரை சிரித்துவைத்தார்.

மேடையில் மைக் ராஜபாண்டியன் கைக்குப் போனது. ஆவுடைத்தாய் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“இவன் டீ கொட்டாத மேப்பே கிடையாது. பிரம்மபுத்திராவா, டீக்கறையான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்.” கூட்டம் சிரித்தது. அய்யாதுரை தரையைப் பார்த்தார்.

“ஆனா அன்னைக்கு... எனக்கு ஒண்ணுமே தெரியல. நிமிந்து பாக்கேன், நேர் எதுக்க ரன்வே! இந்த உசுரு இவன் போட்ட பிச்சை.” மைக்கை வைத்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஆவுடைத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாரிக்கண்ணன் ராக்கெட்டின் முதல் பெட்டியைப் பிரித்தார்.

மேடைக்குப் பின்னால் இருவரும் தனித்திருந்தபோது அய்யாதுரை அவரிடம் ஒரு டீயை நீட்டினார்.

“கேப்டன், இம்புட்டுப் பேரு முன்னால என் மானத்தக் காப்பாத்திட்டீக. எதுக்காக இப்பிடிப் பொய் சொன்னீக?”

“என்னலே பொய்?”

“நமக்குள்ள என்ன மறைப்பு? அன்னைக்கு மேகத்துக்குள்ள நுழைஞ்சதுல இருந்து நான் தூக்கம். நீங்கதான தனி ஆளா முழிச்சிருந்து கொண்டாந்தீக.”

ராஜபாண்டியன் கையிலிருந்த டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அடப்பாவி, நீ முழிச்சிருக்கேன்னு நம்பித்தானலே நான் தூங்குனேன்!”