சீட்டு வராத காலை

"யாரும் மெயிலைத் தொறக்காதீங்க. போனை அப்படியே கீழ வைங்க."

ஞானசெல்வி போட்ட சத்தத்தில் அலுவலகத்துக்குள் நின்றிருந்த எட்டுப் பேரும் அவரவர் போனை மிரண்டு பார்த்தார்கள். சேவுகன் மட்டும் அவளைப் பார்த்தார். ஆவூர்க்காரப் பெண். கோட்டைப்பட்டினத்தில் இந்த விசைப்படகுச் சங்கத்தின் கம்ப்யூட்டரை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள். அவள் அதிர்ந்து பேசி அவர் கேட்டதே இல்லை.

காலை மணி ஏழு. கடலுக்குப் போகும் நாள். சேவுகனின் படகில் டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றி, ஆட்களும் ஏறி உட்கார்ந்தாயிற்று. மீன்வளத் துறையிலிருந்து சங்கத்து மெயிலில் வரும் அனுமதிச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. அதை அச்சடித்துக் கையில் கொடுத்தால்தான் படகு கிளம்பும்.

"என்னம்மா ஆச்சு?"

"தலைவரு ஒரு மெயிலைத் தொறந்துட்டாருண்ணே."

சங்கத் தலைவர் குணசேகரனுக்கு முகம் கறுத்தது. "புது வலைக்கு மாதிரிப் படம்னு போட்டிருந்துச்சு. படம்கூடத் தெரியல. நான் ஒண்ணையும் அமுக்கலயே."

"அமுக்க வேணாங்க, தொறந்தாலே போதும். படம் தெரியலைன்னா என்ன செய்யணும்னு கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடுற ஒரு ஸ்கிரிப்டை, அனுப்புனவன் அதுக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருக்கான். அது இப்ப நம்ம சங்கத்துப் பேர்ல எல்லாருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கிட்டு இருக்கு."

ஒன்றன்பின் ஒன்றாகப் போன்கள் சிணுங்கின. ஒருவரும் தொடவில்லை.

சேவுகன் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒன்றும் புரியாவிட்டாலும், வலை கனக்கும்போது வருகிற அதே படபடப்பு அவருக்கு வந்துவிட்டது.

"நீதானம்மா இந்த மெயிலைக் கட்டுனது. காவல் போடலயா?"

"போட்டிருந்தேண்ணே. ஸ்கிரிப்ட்னு எழுதியிருந்தா வெட்டிருன்னு சொல்லி வெச்சிருந்தேன். இவன் அந்த வார்த்தையே இல்லாம, படத்துக்குள்ள மறைச்சுக் கொண்டாந்துட்டான். கெட்டதைத் தேடித் தேடி வெட்டுனா ஒண்ணு தப்பிச்சிரும். இன்னின்னதுதான் உள்ள வரலாம்னு பட்டியல் போட்டுட்டு, மிச்சத்தையெல்லாம் வாசல்லயே உதிர்த்துறணும்."

"அப்ப அதைச் செய்யி. வெயில் ஏறுது."

"செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தாள். ஏழரை மணிக்குக் குணசேகரனைக் கூப்பிட்டு எதையோ காட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"இதெல்லாம் இருக்குறதுதான். நீ சீட்டைக் குடு."

"முடியாதுங்க. மெயில் இன்னும் சுத்தமாகல. இப்ப வர்ற சீட்டு நெசமா பொய்யான்னே தெரியாது."

"அப்பக் கையால எழுதிக் குடு."

"நம்பர் இல்லாத சீட்டோட நடுக்கடல்ல மாட்டுனா இவங்களை யாரு மீட்டுக்கிட்டு வர்றது? நீங்க போவீங்களா?"

குணசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எட்டு மணி ஆனது. எட்டரையும் ஆனது. நாற்பது படகுக்காரர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். கடல் கண்ணாடி போலக் கிடந்தது. படகிலிருந்த ஆட்கள் சேவுகனுக்குப் போன் போட்டு, ஐஸ் கரைகிறது என்று கத்தினார்கள். கூட்டத்தில் ஒருவன், "ஒயரைப் புடுங்கி மாட்டுனா எல்லாம் சரியாப்போகும்" என்று உள்ளே பாய்ந்தான்.

சேவுகனுக்கும் கோபம்தான். ஆனால் ஞானசெல்வி மிரண்டுபோய் நாற்காலியோடு சுவர்ப் பக்கம் ஒதுங்குவதைப் பார்த்தார். இவ்வளவு பயந்தவள் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. உள்ளே பாய்ந்தவன் கையை எட்டிப் பிடித்தார்.

"புள்ளை கிட்டப் போகாதே. என் ஐஸுந்தான் கரையுது. அங்கிட்டுப் போயி நில்லு."

அவள் ஒரு கணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

மணி ஒன்பதைத் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். சட்டென்று சன்னல் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளியே வானம் ஈயம் பூசியதுபோல் ஆகியிருந்தது. எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். சூறைக்காற்று தண்ணீரை வாரி இறைத்தது. கரையோரம் கட்டிக்கிடந்த படகுகளே ஒன்றோடொன்று மோதின. இரண்டு கயிறுகள் அறுந்தன. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் சேவுகனின் உள்ளங்கை உரிந்துவிட்டது. கட்டிய கையோடு அவர் கடலைப் பார்த்தார். வழக்கம்போல் எட்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் அந்த வெள்ளை நுரைக்கு நட்டநடுவில் நாற்பது படகும் இருந்திருக்கும்.

நனைந்த உடம்போடு அலுவலகத்துக்குத் திரும்பினார். ஞானசெல்வி மேஜைமேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு டீயை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார்.

"எந்தப் படுபாவி அந்த மெயிலை அனுப்புனானோ, அவன் மகராசனா இருக்கட்டும். இருநூறு உசுரு தப்பிச்சிருச்சு."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். தெற்கே வேறொரு கரையின் படகுச் சங்கத்திலிருந்து வந்த மெயில் ஒன்று திறந்திருந்தது. 'இங்கே சூறைக்காற்று தொடங்கிவிட்டது. உங்கள் பக்கம்தான் வருகிறது. படகுகளை விடாதீர்கள்.' வந்த நேரம் ஏழு இருபத்தைந்து.

"தலைவருக்கு இதைத்தாண்ணே காட்டுனேன். தெனம் எவனாச்சும் இப்படித்தான் எழுதுவான், சீட்டைக் குடுன்னுட்டாரு." அவள் டீயைக் கையில் எடுத்தாள். "காத்து வருதுன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறீங்க. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா ஒடனே நம்புறீங்க. அந்தக் கெட்ட மெயிலை நான் ஏழு இருபதுக்கே சுத்தமாத் தொடச்சுட்டேன்."