வெயிலில் வடித்த தண்ணீர்

"ஏன்னா, இன்னிக்கும் கூஜா காலி! தண்ணியெல்லாம் எங்கே போறது?"

கஸ்தூரிரங்கன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெயில் போறலைடி."

டெல்லியில், மே மாதத்தில், வெயில் போறலையாம்!

வத்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜனக்புரிக்குக் குடிவந்த நாள் முதல் கைப்பம்பு உப்புத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு. பருப்பு வேகாது. காப்பிக்கு விட்டால் பால் திரியும். அவள் புலம்பல் தாங்காமல்தான் மொட்டை மாடியில் அந்தப் பெட்டியைச் செய்து வைத்தார். உள்ளே கறுப்புத் தகரம், மேலே சாய்வாகக் கண்ணாடி. உப்புத் தண்ணீரை ஊற்றினால் ஆவியாகிக் கண்ணாடியில் முத்து முத்தாய்க் கோத்து, நல்ல தண்ணீராகக் கூஜாவில் இறங்கும்.

"கரி வேண்டாம், கரண்ட் வேண்டாம். யாருக்கும் ஒரு கெடுதல் கிடையாது!" என்று பார்த்தவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார். போன மாதம் முழுக்கக் காப்பி தேவாமிர்தம். இந்த மாதம் ஒரு டம்ளர் கண்ணில் காட்டவில்லை.

"நாளைக்காவது உண்டா?"

"அச்சா, அச்சா. பார்க்கலாம்."

மறுநாள் காலை அவளே பார்த்துவிட்டாள். மனுஷர் கூஜாவைத் துண்டால் மூடிக்கொண்டு, பூனை மாதிரி கீழ்வீட்டுக்கு இறங்கினார்!

கீழ்வீட்டில் பாப்பம்மாள். மதுரைப் பக்கத்துப் பெண். புருஷன் பட்டாளத்தில், எல்லையில் இருந்தான்.

அவர் ஆபீஸ் கிளம்பினதும் வத்சலா விறுவிறுவென்று இறங்கினாள்.

"ஏண்டி பாப்பம்மா, எங்காத்து மாமா தினம் தண்ணி கொண்டுவந்து தராரே, காப்பி நன்னா இருக்கோ?"

"எனக்கா? ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல மாமி. எல்லாம் இதுக்குத்தேன்!"

பாப்பம்மாள் கை காட்டிய இடத்தில் கறிவேப்பிலைச் செடி. ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. தெருவில் எந்தத் தமிழர் வீட்டு ரசத்துக்கும் கொத்து இங்கிருந்துதான். இப்போது இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாய் நின்றது. வெயிலில் கருகியது என்றுதான் வத்சலா நினைத்திருந்தாள்.

"அந்தப் பெட்டியில கடைசியா மிஞ்சுற தண்ணி ஒரே உப்பாமே! அது வேருல இறங்கித்தேன் பட்டுப்போச்சாம். நல்ல தண்ணி விட்டு விட்டு உப்பைக் கரைச்சாத்தேன் பிழைக்குமாம். 'தெரியாம நான்தான் ஊத்திட்டேன், மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு, பாவம்."



'மிச்சத் தண்ணியை வீணாக்குவானேன், இந்தச் செடியாவது குடிக்கட்டுமே' என்று, பாப்பம்மாள் கதவைத் திறக்குமுன் தினமும் வாளியில் கொண்டுவந்து ஊற்றியது வத்சலாதான்.