கையெழுத்து ஒத்துப்போகல

“கையெழுத்து ஒத்துப்போகல.”

சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடி ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினார். வாகனப் பதிவு அலுவலகத்தில் அந்தக் கிளார்க்குக்கு எல்லோரும் வைத்த பெயர் அது. மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, கையெழுத்துகளை மோந்து பார்க்காத குறையாகப் பார்ப்பார்.

மெடிக்கல் ரெப்புக்கு ரத்தம் தலைக்கேறியது. பக்கத்து மாநிலத்தில் பழைய கார் வாங்கி இரண்டு மாதம். இன்னும் இங்கே பதிவாகவில்லை. வெளி நம்பரைப் பார்த்ததும் சந்திக்குச் சந்தி போலீஸ் கைகாட்டுகிறது. பதில் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க சார். ஒரு கையெழுத்துக்காக நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போய் வந்தேன்.”

“வித்தவர் கையெழுத்து பழைய பேப்பர்ல ஒரு மாதிரி இருக்கு. இதுல ஒரு மாதிரி இருக்கு.”

“உங்களுக்கு என்னதான் வேணும்? நேராச் சொல்லிடுங்க.”

“கையெழுத்து.”

வெளியே வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினான். “கவனிக்கிற வரைக்கும் இந்த ஆள் விடமாட்டான். கல்லுளிமங்கன்!”

“வண்டியை வித்த அந்தப் பெரியவர் மட்டும் லேசுப்பட்டவரா? முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல குப்பை கொட்டினவருக்கு ஒழுங்கா ஒரு கையெழுத்துப் போட வராதா? வித்த வண்டி மேல இன்னும் ஆசை விடலங்க அவருக்கு.”

சனிக்கிழமை மறுபடியும் கிளம்பினார்கள்.

அந்த வண்டியின் ஹாரனுக்குத் தொண்டை கட்டின குரல். கேட்டுக்கு வெளியே நின்று அழுத்தியதுமே மாடிக் கதவு திறந்தது. பெரியவரின் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கி வந்தார். போன தடவை பெரியவர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

“ஒரு சுத்து போயிட்டு வந்துடலாமா தம்பி? கையெழுத்து எங்க ஓடிப்போகுது?” என்றார் பெரியவர், பின்னாலேயே வந்து.

ரெப் பல்லைக் கடித்துக்கொண்டான். அந்த அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, டாஷ்போர்டை உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார்.

“இந்த லைட் கம்பம்தான் தம்பி. இவர் எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்த அன்னிக்கு நேரா போய் முட்டினேன். முன்னாடி நசுங்கியிருக்கே, அது நான் பண்ணினது.”

“முட்டிட்டு, இறங்கிப் போய்க் கம்பத்துக்கு அடி பட்டிருக்கான்னு பாத்தா,” என்றார் பெரியவர், பின் சீட்டிலிருந்து.

“அப்போ இந்தத் தெருவுல வேற வண்டி ஏது? மழை வந்தா அத்தனை ஸ்கூல் பிள்ளைங்களும் இதுலதான். ஒரு தடவை பதிமூணு பேர். டிக்கியில வேற ரெண்டு.”

“டிக்கியிலயா?” கோபத்தோடு வந்த ரெப்பின் மனைவி சிரித்துவிட்டாள்.

“அதுக்குத்தான் சண்டையே நடக்கும். இப்ப அதுங்க எல்லாம் எங்கெங்கயோ இருக்குதுங்க. இவருக்கும் கண்ணு மங்கிப்போச்சு. இல்லன்னா இதைக் குடுத்திருப்போமா?”

ரெப் கடிகாரத்தைப் பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் பெரியவர் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு தடவையும் போலவே ஃபாரத்தைக் கவரில் வைத்து, நான்கு பக்கமும் பசை தடவி ஒட்டிக்கொண்டு வந்தார். “ஆபீஸ்லயே பிரிக்கட்டும் தம்பி. அதான் முறை.” தபால் ஆபீஸ் புத்தி போகுமா?

திங்கட்கிழமை பூதக்கண்ணாடி கவரைப் பிரித்தார். உள்ளே எதையோ படித்தார். கண்ணாடியைக் கையிலேயே எடுக்கவில்லை. டக் டக்கென்று சீல் வைத்தார்.

“சரியா இருக்கு. அடுத்த வாரம் நம்பர் வந்துடும்.”

சந்தோஷப்பட வேண்டியவனுக்கு ஆத்திரம்தான் வந்தது. “இப்ப மட்டும் கண்ணாடி வேண்டாமா? ரெண்டு மாசமா என்னை நாயா அலைய விட்டிருக்கீங்க. உங்க மேலதிகாரிக்கு எழுதத்தான் போறேன்.”

பூதக்கண்ணாடி டிராயரைத் திறந்து இரண்டு துண்டுச் சீட்டுகளை எடுத்தார். கவரிலிருந்து வந்ததையும் சேர்த்து மூன்றாக அவன் முன்னால் வைத்தார். மூன்றிலும் ஒரே பொடி எழுத்து.

“ஐயா, என் மனைவி மாடிப்படியில் விழுந்து ஆறு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. படியில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். இன்று வண்டி வாங்க வந்த தம்பி எங்கள் வண்டியின் ஹாரனை அடித்துப் பார்த்ததும், பழைய நினைப்பில் தானாக இரண்டு படி இறங்கிவிட்டாள். அதனால் கையெழுத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து கண்டுபிடித்துவிடுங்கள்.”

“இந்த முறை என் கையைப் பிடித்துக்கொண்டு பதினொரு படியும் இறங்கினாள். இதையும் கண்டுபிடிக்க வேண்டுகிறேன்.”

“இன்று கம்பியைப் பிடித்துத் தனியாக வந்தாள். இன்னும் தெருவில் நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளை இதற்கு மேல் அலைக்கழிக்க மனசு வரவில்லை. இது என் சரியான கையெழுத்து.”

ரெப் மூன்று சீட்டுகளையும் அடுக்கித் திருப்பி நீட்டினான். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். நான் உங்களை என்னென்னமோ பேசிட்டேன்.”

“சொன்னா உங்க முகத்துலயே தெரிஞ்சுடும். தனக்காகத்தான் வண்டி வருதுன்னு தெரிஞ்சா அந்தம்மா இறங்குவாங்களா? எனக்குத் திட்டு வாங்கறது ஒண்ணும் புதுசில்ல.”

ரெப் வாசல்வரை போனான். வெளியே வண்டி நின்றது. முன்னால் அந்த நசுங்கல். திரும்பி வந்தான்.

“சார், அந்த ஃபாரம் இன்னொண்ணு குடுங்க.”

“எதுக்கு? அதான் எல்லாம் முடிஞ்சுதே.”

“இல்ல சார். பெரியவர் கையெழுத்து இன்னும் ஒத்துப்போகல.”