அந்தோணியார் ஆடு

“ஆடு மாடு எதுவும் வீட்ல இல்லைன்னுதானே அன்னிக்கு சொன்னீங்க?”

டாக்டர் அறிவுமதி அதட்டிக் கேட்கவில்லை. ஆனாலும் வெரோனிகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கிளினிக் அது. அவள் கணவன் ஸ்டீபனைப் பாண்டிச்சேரிக்கு ஏற்றிப்போக வாசலில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

மாற்றுக் கிட்னி வைத்த உடம்பு. அதைக் காப்பாற்றத் தின்கிற மாத்திரைகளே எதிர்ப்புச் சக்தியைக் கரைத்துவிடும். சாயங்காலமானால் காய்ச்சல், இடுப்பு வலி, சட்டை நனைய வியர்வை. காசநோய் என்றுதான் டாக்டர் நினைத்தார். மாதக்கணக்கில் அதற்கே மருந்து கொடுத்தார்.

அது காசநோயே இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. காய்ச்சாத ஆட்டுப்பாலில் வரும் கிருமி. சத்துள்ள உடம்பு தாங்கியிருக்கும். ஸ்டீபனுக்கு இதயத்தின் வால்வையே அரித்துவிட்டது.

பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பால் எங்கே வாங்குகிறீர்கள் என்றாவது கேட்டிருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார்.

வெரோனிகா அன்று பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வந்தால் அவளுக்கு நாக்கு குழறும், ஊருக்கே தெரியும்.

வல்லத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் காது நுனி வெட்டிய வெள்ளாடு ஒன்று கட்டியிருக்கிறது. அது குட்டி போட்டதிலிருந்து விடிந்ததும் ஒரு டம்ளர் கறப்பாள். நுரை அடங்குமுன் சிலுவை போட்டு ஸ்டீபன் கையில் கொடுப்பாள். அந்தப் பாலை அடுப்பில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பெற்ற மகளுக்குக்கூட அதில் ஒரு வாய் தந்ததில்லை.

“அது எங்க ஆடு இல்லீங்களே டாக்டர். அந்தோணியாரு ஆடு.”

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

நேர்ந்துவிட்டால் அப்புறம் அது புனிதருடைய ஆடு. திருவிழாவில் கோயிலில் கொண்டுபோய் விடும்வரை தீனி போடுவது மட்டும்தான் வீட்டாரின் வேலை. யார் கேட்டாலும் எங்களுடையது என்று சொல்லக் கூடாது. சொன்னால் வேண்டுதல் பலிக்காது.

என்ன வேண்டுதல் என்று டாக்டர் கேட்டார்.

வெரோனிகா வாசல் பக்கம் பார்த்தாள். ஸ்டீபனை ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாவி, என் கையாலேயே கொடுத்தேனே என்று முனகினாள்.

“அவருக்கு வெச்ச கிட்னி நல்லா நிக்கணும்னு.”



கிட்னிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை என்று சற்று முன்புதான் டாக்டர் சொல்லியிருந்தார்.