ஈயைக் கண்டால் கை தூக்கு

காளான் கொட்டகையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சுவரெங்கும் பதித்திருந்த மைக்குகள் ஈயின் ரீங்காரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ஓர் ஈ முட்டையிட்டுவிட்டால் போதும், தண்டெல்லாம் புழு துளைத்துக் காளான் மொத்தமும் பாழ். இருமினால்கூட வேலை போய்விடும். ஈயைக் கண்ணால் கண்டவள் சத்தமில்லாமல் கையைத் தூக்குவாள். மற்றவர்கள் மூச்சை அடக்கி நிற்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே அங்கே வேலைக்குப் போன தமயந்திக்கு வீட்டிலும் பேச்சு வற்றிப்போயிருந்தது.

இப்போது அவள் புருஷனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

“வாய் விட்டு அழுதுடுங்க அண்ணி! உள்ளயே வச்சுக்காதீங்க!” நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு உலுக்கினாள்.

தமயந்தி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

“ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு, கல்நெஞ்சுக்காரி,” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கொட்டகையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் மாலையோடு உள்ளே நுழைந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஓர் ஈ பறந்து வந்து, அவள் புருஷனின் உதட்டில் உட்கார்ந்தது.

தமயந்தியின் கை தானாக உயர்ந்தது.

மாலையோடு வந்தவர்கள் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.