இருமலே இல்லாத தெரு

"தெருவே இருமினு கீது. மூச்சு டாக்டர் வண்டி எங்களுக்கு மட்டும் வராதா? இன்னா தலைவி நீ?" என்று கத்தினாள் சொக்கம்மாள்.

வண்டி எந்தத் தெருவுக்குப் போவது என்று முடிவு செய்யும் பொறுப்பை வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் உள்ளூர்க்காரர்களிடமே விட்டதில், எதிர்வீட்டுச் செங்கொடி தலைவியாகியிருந்தாள்.

"ஏஐ போன் பண்ணி வூடு வூடா கேட்டுச்சுக்கா. ஒருத்தருக்கும் இருமல் இல்லன்னுட்டீங்களே."

"எந்தப் பேமானி சொன்னது?"

"பேரை அது காட்டிக்குடுக்காது. நீ இன்னா சொன்ன?"

சொக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்து இருமலை அடக்கினாள். போன் வந்த அன்றுதான் மகள் மகிழினியை வள்ளூரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். இருமல்காரியை எவன் கட்டுவான்?

தெரு வேடிக்கை பார்த்தது, இருமிக்கொண்டே.

தையில் கல்யாணமாகி வள்ளூருக்குப் போன மகிழினி, ஆடிக்குள் தாலியிழந்து திரும்பினாள். மாப்பிள்ளைக்கு இருமலே இல்லையென்றுதான் அவர்களும் சொல்லியிருந்தார்கள்.