எழும்போது ஒரு கை

“நாலு பேர் பார்க்கிறாங்க, கையை விடு.”

“நான் உங்க பொண்டாட்டிதானே?”

“அதை வீட்டுல வெச்சுக்க!”

கல்யாணமான புதிதில், நாம்பள்ளி எக்ஸிபிஷன் கூட்டத்தில் ஜகதீசன் அப்படிச் சொன்னதிலிருந்து மங்கையர்க்கரசி வெளியிடத்தில் அவர் கையைத் தேடியதே இல்லை.

அதே மனிதர், ஃபோர்மேன் வேலையிலிருந்து ரிட்டையரான பிறகு, அல்வால் கோயிலில் ஊரே பார்க்க அவளோடு கைகோத்துக்கொண்டுதான் தரையிலிருந்து எழுந்தார்.

“என்ன சார், புது மாப்பிள்ளை மாதிரி?” என்று சீண்டினாள் பக்கத்து வீட்டு ஜலஜா.

“சட்டுனு எழுந்தா இவளுக்குத் தலை சுத்துதும்மா. பிடிக்கலேன்னா விழுந்துடுவா.”

“அப்படியா அக்கா? நான் விழுந்தாக்கூட எங்க வீட்டுக்காரர் பேப்பரை மடிக்க மாட்டார்!”

மங்கையர்க்கரசி சிரித்து மழுப்பினாள்.

மறு வாரம், ரத்த அழுத்தம் பார்த்த பட்டையை அவிழ்த்தபடி டாக்டர் சொன்னார். “மாத்திரையைக் குறைச்சதுல சரியாயிடுச்சு. இனிமே எழுந்தா சுத்தாது. பிடிச்சுக்க யார் கையும் வேண்டாம்.”

“அப்பாடா!” என்று தன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார் ஜகதீசன்.

ஃபோர்மேனுக்கே தலைசுற்றலா என்று பழைய சகாக்கள் சிரிப்பார்களே என்று, தன் நோயை மனைவி தலையில் கட்டியிருந்தார் மனிதர். அவளும் அதைச் சந்தோஷமாகத்தான் சுமந்தாள்.

வெளியே பெஞ்சில் மருந்துக்குக் காத்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் அவர் தனியாகவே எழுந்தார். அவள் எழவில்லை.

“என்ன மங்கை, உனக்கு நிஜமாவே சுத்துதா?”

“இல்லீங்க.” சுற்றிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் கையை நீட்டினாள். “தலை சுத்தாட்டியும் பிடிச்சுக்குங்களேன்.”